பிரேசிலில் ஒரு கான்ஃபெடரேட் சங்கம்

அவைத் தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கான்ஃபெடரேட் பாரம்பரியச் சங்கம் என்றதும் அலபாமா, ஜார்ஜியா, வர்ஜீனியா என்றுதான் நினைப்போம். கான்ஃபெடரசி என்பது, அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள 1860-61-ல் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன 11 தென் மாநிலங்களின் கூட்டமைப்பு. நான்கு வருடம் சண்டை போட்டது, 1865-ல் தோற்றது, முடிந்தது. ஆனால் நான் இன்று பேசப்போகும் சங்கம் அமெரிக்காவிலேயே இல்லை. தென் அமெரிக்காவில், பிரேசில் நாட்டில், சாவோ பாலோ மாநிலத்தில் சாந்தா பார்பரா தொயெஸ்தே என்று ஓர் ஊர். சுற்றிலும் கரும்புக் காடு. நடுவில் ஒரு கல்லறைத் தோட்டம். 1980-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கே ஏப்ரல் மாதம் ஒரு திருவிழா நடந்தது. பெண்கள் வளையம் வைத்து விரிந்த பாவாடையும், ஆண்கள் சாம்பல் நிறப் பட்டாளச் சீருடையும் போட்டுக்கொண்டு, கான்ஃபெடரேட் கொடியைப் பெரிதாக வரைந்த மேடையில் ஆடுவார்கள். பொரித்த கோழி வாங்க வேண்டுமென்றால் பிரேசில் பணம் செல்லாது. வாசலில் கொடுத்து, பழைய கான்ஃபெடரேட் டாலர் மாதிரி அச்சடித்த நோட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆடியவர்கள் பேசியது போர்ச்சுகீசு மொழி.

இவர்கள் எப்படி அங்கே போனார்கள்?

போர் முடிந்ததும் தெற்கே பண்ணை முதலாளிகள் பலருக்கு எல்லாம் போய்விட்டது. அடிமைகளுக்கு விடுதலை, ரயில் பாதைகள் நாசம், கையில் இருந்த பணம் வெறும் காகிதம். வென்றவர்களின் ஆட்சியில் இருக்கப் பிடிக்காமல் மெக்சிகோ, ஹோண்டுராஸ், பிரேசில் என்று பல திசைகளில் கிளம்பினார்கள். போக வேண்டாம், இங்கேயே இருந்து ஊரைத் தூக்கி நிறுத்துங்கள் என்று தெற்குப் படையின் தளபதி ராபர்ட் லீயே சொன்னார். கேட்டவர்கள் கேட்டார்கள்.

பிரேசிலின் பேரரசர் இரண்டாம் பெட்ரோ இவர்களை விரும்பி அழைத்தார். அவருக்குப் பருத்தி தெரிந்த ஆட்கள் வேண்டும். அந்தப் போர்க் காலத்தில் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்துக்குப் போகாமல் நின்றதால் உலகம் முழுக்க விலை ஏறியது. நம்முடைய திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கும் அப்போது யோகம் அடித்தது. தூத்துக்குடியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறியது. 1865-ல் போர் நின்றதும் விலை விழுந்தது என்பது வேறு கதை. பிரேசிலும் அந்தச் சந்தையில் இடம் பிடிக்கப் பார்த்தது. நிலம் மலிவாகக் கொடுத்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. விழா மேடைகளில் அதிகம் பேசப்படாத காரணம். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக ஆட்களைக் கொண்டுவருவது 1850-லேயே நின்றுவிட்டாலும், உள்நாட்டில் மனிதர்களை வாங்கலாம், விற்கலாம். அது முடிந்தது 1888 மே 13-ல்தான். வந்த ஒவ்வொருவரும் அடிமை வாங்கத்தான் வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு அதற்குக் காசே கிடையாது. ஆனால் உலகத்தில் எத்தனையோ நாடுகள் இருக்க, அடிமை முறை மிச்சமிருந்த நாட்டைப் பார்த்து இத்தனை பேர் கிளம்பியதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

பிரேசிலுக்குள்ளும் பல இடங்களில் குடியேறினார்கள். அமேசான் கரையில் சாந்தாரெம் அருகே ஒரு கூட்டத்தைக் குடியமர்த்த முயன்றவர் லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ். இவரைக் கொஞ்சம் கவனியுங்கள். கலிபோர்னியாவுக்குக் குறுக்கு வழி இருக்கிறது என்று முன்னொரு காலத்தில் எழுதி வைத்தவர் இவர்தான். அதை நம்பிப் போன டானர் குழு 1846 குளிர்காலத்தில் பனிமலையில் சிக்கி, 87 பேரில் பாதிப் பேர் வரை இறந்துபோனார்கள். அதே மனிதர் இருபது வருடம் கழித்துப் பிரேசிலுக்கு வழிகாட்டி எழுதுகிறார், அதையும் நம்பி ஆட்கள் போகிறார்கள்! அந்தக் குடியேற்றங்கள் பெரும்பாலும் காய்ச்சலிலும் கடனிலும் கலைந்தன. பலர் சொந்த ஊருக்கே திரும்பினார்கள்.

நின்று பிழைத்தது சாந்தா பார்பரா பக்கம் மட்டும்தான். அங்கே முதலில் நிலம் வாங்கியவர்களில் ஒருவர் வில்லியம் நாரிஸ். அலபாமா மாநில மேலவையில் உறுப்பினராக இருந்தவர், அப்போதே அறுபது தாண்டியவர். இவர்கள் கொண்டுவந்த இரும்புக் கலப்பையைப் பார்க்க அக்கம்பக்கத்து விவசாயிகள் வந்தார்கள் என்றும், உழச் சொல்லிக் கொடுப்பதற்கு நாரிஸ் காசு வாங்கினார் என்றும் ஊரில் சொல்வார்கள். ஜார்ஜியாவிலிருந்து வந்த வரிவரியான தர்பூசணியும் அந்த மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. 1875-ல் ரயில் வந்தது. நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊரை மற்றவர்கள் அமெரிக்கர்களின் ஊர் என்று அழைக்க, அதுவே இன்றைய அமெரிக்கானா நகரம். அதன் நகரச் சின்னத்தில் கான்ஃபெடரேட் கொடியின் அடையாளம் 1990-கள் வரை இருந்தது, அப்புறம்தான் எடுத்தார்கள்.

சரி, சங்கத்துக்கு வருவோம். அதன் வேர் ஒரு சாவில் இருக்கிறது.

1868-ல் கர்னல் ஆலிவர் என்பவரின் மனைவி பியட்ரிஸ் இறந்துபோகிறார். எங்கே புதைப்பது? பிரேசிலில் அப்போது கத்தோலிக்கமே அரசு மதம். கல்லறைகள் திருச்சபையின் கையில். வந்தவர்கள் பாப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட் என்று எல்லோரும் புராட்டஸ்டண்டுகள். அவர்களுக்கு அங்கே குழி கிடையாது. ஆலிவர் தன் சொந்தப் பண்ணையிலேயே மனைவியைப் புதைத்தார். அடுத்து இறந்தவர்களையும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அங்கேயே கொண்டுவந்தன. பக்கத்தில் ஒரு சிற்றாலயம் எழுந்தது. 1871-ல் சாந்தா பார்பராவில் அவர்கள் ஆரம்பித்த பாப்டிஸ்ட் சபையைப் பிரேசிலின் முதல் பாப்டிஸ்ட் சபை என்று சொல்கிறார்கள். இன்று அந்த நாட்டில் புராட்டஸ்டண்டுகள் கோடிக்கணக்கில் இருப்பதை நினைத்தால், இந்தக் குடியேறிகள் விட்டுப்போனதில் பெரியது கொடியை விடச் சபைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, முதலில் இருந்தது கல்லறை, புதைக்க இடம் இல்லாதவர்களின் தேவை. இதில் யாரும் குறை காண முடியாது. அமெரிக்காவிலும் தொடக்கம் இப்படித்தான். போர் முடிந்த கையோடு தெற்கத்திப் பெண்கள் ஊருக்கு ஊர் நினைவுச் சங்கம் வைத்து, சிதறிக் கிடந்த சிப்பாய்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்தார்கள். முப்பது வருடம் போனதும் அந்த வேலையின் குணம் மாறியது. 1894-ல் நாஷ்வில்லில் கான்ஃபெடரசியின் மகள்கள் சங்கம், 1896-ல் ரிச்மண்டில் மகன்கள் சங்கம். துக்கம் காப்பது போய், தோற்ற பக்கத்தின் நியாயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது முக்கிய வேலை ஆனது. நீதிமன்ற வாசல்தோறும் சிலை, பள்ளிப் புத்தகத்தில் இந்த வரிதான் இருக்க வேண்டும் என்ற நெருக்கடி. கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைத் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்த காலமும் அதுவே.

பிரேசிலில் இந்த மாற்றம் இன்னும் தாமதமாக வந்தது. அமெரிக்க வம்சாவளியினர் சகோதரத்துவம் என்று பொருள்படும் பெயரோடு அங்கே சங்கம் பதிவானது 1954-ல். பியட்ரிஸ் ஆலிவர் இறந்து 86 வருடம் ஆகிவிட்டது. போரைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை. பேரப்பிள்ளைகள் இத்தாலியக் குடும்பங்களிலும் பிரேசில் குடும்பங்களிலும் பெண் கொடுத்து, பெண் எடுத்துக் கலந்துவிட்டார்கள். கருத்த நிறமுள்ள வாரிசுகளும் இருக்கிறார்கள். பிரேசிலின் ராக் இசை அரசி என்று கொண்டாடப்பட்ட ரிட்டா லீ கூட தந்தை வழியில் இந்த வம்சம்தான்.

சங்கம் நல்ல வேலையும் செய்தது, அதை மறைக்கக் கூடாது. கல்லறையைக் காப்பாற்றியது அவர்கள். அவர்கள் பார்த்துக்கொள்ளாமல் விட்டிருந்தால் கரும்பு அதை விழுங்கியிருக்கும். குடும்பப் பெயர்கள் பொறித்த ஒரு ஸ்தூபி எழுப்பினார்கள். கடிதங்கள், பாத்திரங்கள், பைபிள்கள் எல்லாம் ஊர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. 1972-ல் ஜார்ஜியா ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் அந்தக் கல்லறைக்கு வந்தார். அவர் மனைவியின் உறவினர் ஒருவர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். அமெரிக்காவில் தொடங்கிய அந்த மகன்கள் சங்கத்தின் கிளை ஒன்றும் அங்கே ஏற்பட்டது. சீருடை, கொடி, விழா எல்லாமும் வந்தன.

அந்தத் தோட்டத்தில் ஒரு கல்லறை வாசகம் இருக்கிறது. ஒருமுறை கலகக்காரன், இருமுறை கலகக்காரன், என்றென்றும் கலகக்காரன் என்று அதில் பொறித்திருக்கிறது. படித்தால் போரில் குண்டடி பட்ட யாரோ என்று தோன்றும். தேதியைப் பாருங்கள்: பிறப்பு 1899, இறப்பு 1985. போர் முடிந்து 34 வருடம் கழித்துப் பிரேசிலில் பிறந்தவர். பாட்டன் கலகம் பேரனுக்கு வந்தது ரத்தத்தால் அல்ல. யாரோ திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்ததால் வந்தது.

சொல்லிக் கொடுத்ததில் விட்டுப்போனது என்ன? அந்தப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள். கலப்பை வந்த கதை இருக்கிறது, அதைப் பிடித்த கை யாருடையது என்ற கதை இல்லை. இதை எழுதுவதில் ஒரு சிக்கலும் உண்டு. பிரேசில் குடியரசானதும், 1890 டிசம்பரில் நிதியமைச்சர் ரூயி பார்போசா, அடிமைப் பதிவேடுகளை எரித்துவிடும்படி உத்தரவிட்டார். களங்கத்தைத் துடைப்பது என்று காரணம் சொன்னார். முன்னாள் எஜமானர்கள் நஷ்ட ஈடு கேட்டு வரக் கூடாது என்பதும் ஒரு காரணம் என்பார்கள். ஆனால் உத்தரவு கருவூலப் பதிவேடுகளுக்குத்தான். அந்தந்த ஊர்ப் பத்திர அலுவலகங்களில் கிரயப் பத்திரங்கள் தப்பித்தன. வரலாற்று ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டியபோது, ஆட்களை வாங்கியவர்கள் வரிசையில் அமெரிக்கக் குடும்பப் பெயர்களும் வந்தன. எங்கள் முன்னோர் உழைக்க வந்த ஏழை விவசாயிகள் என்ற விழாமேடைப் பேச்சு பாதி உண்மைதான் என்பது அப்போது தெரிந்தது.

2015-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயம் ஒன்றில் ஒரு வெள்ளை இன வெறியன் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றான். 2017-ல் அங்கேயே சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்களின் பேரணியில் கலவரம். இரண்டு சம்பவங்களிலும் இந்தக் கொடி படங்களில் வந்தது. அதன்பின் சாந்தா பார்பரா பக்கத்துக் கறுப்பின அமைப்புகள் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊரில் இதற்கு என்ன வேலை என்று கேட்டார்கள். இங்கே இந்தக் கொடிக்கு இனவெறி அர்த்தம் கிடையாது, இது வெறும் குடும்பப் பாசம் என்று சங்கத்தார் பதில் சொன்னார்கள். அவர்களில் பலர் அதை மனதாரச் சொன்னார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் ஒரு கொடியின் அர்த்தத்தை அதைப் பிடித்திருப்பவர் மட்டும் தீர்மானிக்க முடியாது. எதிரில் நிற்பவருக்கும் அதில் பங்கு உண்டு. 2022-ல் ஊர் மன்றம், பொது விழாக்களில் இனவெறிச் சின்னங்களைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இதனால் கல்லறைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆகவும் கூடாது. அந்தச் சங்கத்தார் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றே ஒன்று சொல்வேன். கிரயப் பத்திரங்களில் விற்கப்பட்டவர்களின் விவரம் இருக்கிறது: பெரும்பாலும் ஒற்றைப் பெயர், வயது, விலை. ஸ்தூபியில் உங்கள் குடும்பப் பெயர்களுக்குக் கீழே அந்தப் பெயர்களையும் பொறியுங்கள். விலையை வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.

நேரம் கொடுத்ததற்கு நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.