சேட்டுக் கையில் ஓர் இதயம்

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை ஒரு மாணவி கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். 'வெயார் யுவர் ஹார்ட் ஒன் யுவர் ஸ்லீவ்' என்ற ஆங்கிலத் தொடரை, "அவர் இதயத்தைச் சேட்டுக் கையில் அணிந்திருக்கிறார்" என்று தமிழாக்கியிருந்தார். சொல்லுக்குச் சொல் சரிதான், கருத்துத்தான் வரவில்லை. அன்போ துக்கமோ, மனதில் இருப்பதை மறைக்காமல் வெளியே காட்டிவிடுகிறவரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

சேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகம் 1604 நவம்பரில் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்டதற்குப் பதிவு இருக்கிறது. அதன் முதல் காட்சியிலேயே இந்தப் பேச்சு வருகிறது. பேசுபவன், ஒதெல்லோ என்ற தளபதியின் கீழ் வேலை செய்யும் இயாகோ. உள்ளே இருப்பதை வெளியே காட்டினால், பறவைகள் கொத்தட்டும் என்று இதயத்தைக் கையில் கட்டிக்கொண்டு திரிவது போலாகிவிடும் என்கிறான். அவன் சொல்வது காக இனத்துப் பறவையை. திருகோணமலைக்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்? கரையில் கருவாடு காயப்போடுகிறவர்கள் மேலே பழைய வலையை விரித்துவிடுவார்கள். வலை ஒரு ஓரம் விலகினால் போதும், காகம் வந்துவிடும். இயாகோ தன் நெஞ்சுக்கு வலை விரித்தவன். அதற்குள் கிடந்த வஞ்சம் தெரியாமல்தான் ஒதெல்லோ அவனை நம்பி அழிந்தான். வஞ்சகன் வேண்டாம் என்று தள்ளிய குணத்தை இன்று நல்ல மனிதருக்குச் சொல்கிறோம். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்தது அதுதான்.

பிள்ளைகள் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. முகத்துக்கு நேரே குறை சொல்பவருக்கு இது பொருந்தாது. ஒருநாள் மனப்பாரத்தைக் கொட்டி அழுதவருக்கும் பொருந்தாது. அது அவருடைய சுபாவமாகவே இருக்க வேண்டும்.

என் அம்மாவுக்குப் பொருந்தும். நான் படிக்கிற காலத்தில் கொழும்பு பஸ்ஸுக்கு ஏற்றிவிட வருவார். பஸ் வர முதலே சீலைத் தலைப்பு நனைந்துவிடும். அப்பா பக்கத்தில் நின்று, "தண்ணிப் போத்தல் வச்சனியோ?" என்று மூன்றாந்தரமும் கேட்பார். அவரிடம் அன்பு குறைவென்று யார் சொல்வது? ஆனாலும் இந்தத் தொடர் அம்மாவுக்குத்தான், அப்பாவுக்கு அல்ல.

இதையெல்லாம் அந்த மாணவிக்கும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பழைய வரியை வெட்டி, "அவருக்கு மனதை மறைக்கத் தெரியாது" என்று எழுதினார். நான் சரி போட்டுக் கொடுத்தேன்.