எதைக் கணக்குக் கேட்கிறோம்?

அவைத்தலைவர் அவர்களே, வலயக் கல்வி அலுவலக அதிகாரிகளே, அதிபர்களே, துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் கண்டாவளையிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

பிள்ளையின் மனதைத் தொடும் கற்பித்தல், தொழில்நுட்பம், பொறுப்புக்கூறல் ஆகிய மூன்றும் ஒரே வகுப்பறையில் எப்படி இணங்கியிருப்பது என்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இவற்றுள் பொறுப்புக்கூறலையே முதலில் பேச வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால், மேலிடம் எதைக் கணக்குக் கேட்கிறதோ அதற்கேற்றபடியே கற்பித்தலும் கருவிகளும் வளைந்து கொடுத்துவிடுகின்றன.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் 35 புள்ளி எடுத்தால் எஸ், அதாவது சாதாரண சித்தி. அதற்குக் கீழே எவ்வளவு எடுத்தாலும் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. தவணைப் பரீட்சைகளுக்கும் நாம் அதே அளவையே கைக்கொள்கிறோம். தரம் 10 இல் முதலாம் தவணையில் கணிதத்துக்கு 12 புள்ளி எடுத்த பிள்ளை மூன்றாம் தவணையில் 33 எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 21 புள்ளிக்குப் பின்னால் ஓர் ஆசிரியரின் ஓராண்டு உழைப்பு இருக்கிறது. ஆனால் வலயத்துக்குப் போகும் படிவத்தில் அவள் அன்றும் டபிள்யூ, இன்றும் டபிள்யூ. முதலாம் தவணையில் 36 எடுத்து ஆண்டு முழுவதும் அந்த 36 இலேயே நின்றுவிட்ட பிள்ளையோ சித்தியடைந்தோர் பட்டியலில் இருக்கிறான். எட்டுப் பிள்ளைகள் மட்டுமே பரீட்சை எழுதும் சிறிய பாடசாலைகள் வன்னியில் உண்டு. அங்கே ஒரு பிள்ளை தவறினால் சித்தி வீதம் 12.5 சதவீதம் இறங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு ஆசிரியரின் தரத்தைச் சொல்வது நியாயமாகாது. எல்லைக்கோட்டுக்கு அருகிலுள்ள பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பும், அதற்கு வெகு கீழே இருப்பவர்களுக்குப் பின்வரிசை இருக்கையும் என்ற வழக்கம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்காகக் கணக்கே கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி மக்களின் வரிப்பணத்தில் நடக்கிறது. 2009 இல் போர் முடிந்த பின்னர், இடம்பெயர்ந்தோர் வைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி, தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டே பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிய பெற்றோர், தங்கள் பிள்ளை என்ன கற்றது என்று நம்மிடம் கேட்கும் உரிமை உடையவர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சதவீதமாகச் சொல்லிவிட முடியாது என்பதுதான் என் வாதம்.

ஒரு பிள்ளையின் பயிற்சிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். −3 − 5 என்ற கணக்குக்கு விடை 8 என்று எழுதியிருக்கிறாள். கைப்பேசிச் செயலி அதைப் பிழை என்று சிவப்பில் காட்டிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும். ஆசிரியை அருகில் அமர்ந்து, "இதை எப்படிச் செய்தனீர், பிள்ளை?" என்று கேட்கிறார். "சயவும் சயவும் சேர்ந்தால் சகதானே, ரீச்சர்" என்று, இரண்டு கழித்தல் குறிகள் சேர்ந்தால் கூட்டல் குறி என்ற பொருளில், பதில் வருகிறது. அவள் யோசிக்காமல் எழுதவில்லை. பெருக்கலுக்குரிய விதியைச் சரியாக நினைவில் வைத்து, பொருந்தாத இடத்தில் கையாண்டிருக்கிறாள். "விதி சரி, அது பெருக்கும்போது வருவது, மூன்று ரூபாய் கடன் இருக்க, இன்னும் ஐந்து ரூபாய் கடன் வாங்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டதும் அவளே அழித்துத் திருத்துகிறாள். தனக்கு மூளை இல்லை என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, தன் யோசனையில் பாதி சரியானது என்று தெரியவருகிறது. பிள்ளையின் மனதைத் தொடும் கற்பித்தல் என்று நான் சொல்வது இதைத்தான். மேடைப் பேச்சைப் போல முழங்குவதை அல்ல.

அப்படி அருகில் அமர ஆசிரியைக்கு நேரம் எங்கே இருக்கிறது? ஒரே புள்ளியைப் புள்ளிப் பதிவேட்டில் ஒரு முறையும், தேர்ச்சி அறிக்கையில் ஒரு முறையும், வலயத்தின் படிவத்தில் ஒரு முறையும் எழுதி, பிறகு அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பிலும் அனுப்புகிறார். தொழில்நுட்பம் முதலில் நுழைய வேண்டிய இடம் இதுவே. ஒரு முறை கணினியில் பதிந்தால் எல்லா அறிக்கைகளும் அதிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி என்றிருந்த வீடுகளும் சிக்னலுக்காகக் குளக்கட்டு வரை நடந்த பிள்ளைகளும் நமக்குக் காட்டித் தந்தது ஒன்று உண்டு: குறைந்த டேட்டாவில் போய்ச் சேரும் ஐந்து நிமிடக் குரல்பதிவு உதவிய அளவுக்கு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பிய குறிப்புகள் உதவவில்லை. அந்தக் குரலில் பிள்ளைகள் தங்கள் ஆசிரியரை அடையாளம் கண்டார்கள். ஸ்மார்ட் போர்ட் வாங்குமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரமும் பயிற்சியும் பழுதுபார்க்க ஆளும் இல்லாத இடத்தில் அது பூட்டிய அறைக்குள்தான் இருக்கும்.

இங்கே வந்திருக்கும் வலய அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கை. அடுத்த ஆண்டுக்கான பகுப்பாய்வுப் படிவத்தைத் தயாரிக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையின் முதலாம் தவணைப் புள்ளியும் மூன்றாம் தவணைப் புள்ளியும் அருகருகே வரும்படி இரண்டு நிரல்களைச் சேருங்கள். சித்தி வீதத்தைப் பார்க்குமுன் அந்த நிரல்களைப் பார்த்து அதிபரோடு பேசுங்கள். அதிபர்களும், வகுப்பு மேற்பார்வைக்குச் செல்லும்போது பாடக்குறிப்புப் புத்தகத்தோடு மூன்று பிள்ளைகளின் கொப்பிகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.