பட்டப்பகலில் நடந்த காட்டேரி

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய பேய்ப் படங்களைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, ஒலிபரப்பு இரவிலா என்றுதான் முதலில் கேட்டேன். ஆம் என்றார்கள். மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டேன். காலைச் செய்திக்குப் பிறகு டிராகுலாவைப் பற்றிப் பேசினால் யாருக்கு உடம்பு சிலிர்க்கும்?

ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ரத்தக்காட்டேரி எப்படிச் சாகும்? சின்னக் குழந்தையும் சொல்லிவிடும்: வெயில் பட்டால் போதும், சாம்பல்தான். ஏதோ யுகம் யுகமாக வந்த நம்பிக்கை என்றே நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். பிறகு பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897இல் வெளிவந்த 'டிராகுலா' நாவலைப் படித்தேன். அதில் டிராகுலா பிரபு லண்டன் தெருவில் பகலிலேயே நடமாடுகிறார். பகலில் அவருடைய சக்தி குறையும், அவ்வளவுதான். கடைசியில் பொழுது சாயும் நேரத்தில் கழுத்தில் ஒரு கத்தியும் நெஞ்சில் ஒரு கத்தியும் பாய்ந்து முடிகிறது அவர் கதை. வெயிலுக்கு அதில் வேலையே இல்லை.

வெயிலைக் கொண்டுவந்தது சினிமா. 1922இல் ஜெர்மனியில் முர்னாவ் அந்த நாவலின் கதையையே பெயர்கள் மாற்றி எடுத்த 'நொஸ்ஃபெராட்டு' என்ற மௌனப்படம். அதில் காட்டேரியின் பெயர் ஓர்லோக் பிரபு. மொட்டைத் தலை, எலிக்கு இருப்பதுபோல முன்வரிசையில் நீண்ட இரண்டு பற்கள், விறைத்த தோள்கள், நீள நீளமான விரல்கள். மாக்ஸ் ஷ்ரெக் என்ற நடிகர். ஒரு பெண் தன்னையே பலி கொடுத்து, சேவல் கூவும்வரை அவரைத் தன் படுக்கையருகே நிறுத்திவைக்கிறாள். விடிந்ததைக் கண்டு அவர் திகைத்து நிற்கும்போதே உருவம் மெல்ல மங்கி மறைகிறது. தரையில் கொஞ்சம் புகை. ரத்தம் இல்லை, கத்தி இல்லை, கேமராவின் சின்னத் தந்திரம் மட்டும். அன்றைக்கு எழுதப்பட்டதுதான் காட்டேரி குலத்தின் மரண சாசனம்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் காலத்துப் படச்சுருளுக்கு இருட்டைப் பிடிக்கும் திராணி கிடையாது. ஆகவே இரவுக் காட்சிகளையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து, பிரதிக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் என்றால் இரவு என்று பார்ப்பவர் புரிந்துகொள்வார். பிற்காலத்தில் சுற்றி வந்த பல பிரதிகளில் அந்தச் சாயம் இல்லை. நான் முதலில் பார்த்ததும் அப்படியொரு வெளுத்துப்போன பிரதிதான். வெயில் பட்டால் சாகப்போகிற அதே ஓர்லோக், சவப்பெட்டியை இடுக்கிக்கொண்டு, சுவரெல்லாம் வெயில் அடிக்க, வாடகை வீடு தேடுகிறவர்போலத் தெருவில் போய்க்கொண்டிருந்தார். விழுந்து விழுந்து சிரித்தேன். சில ஆண்டுகள் கழித்து, சாயம் ஏற்றிச் செப்பனிட்ட பிரதியில் அதே காட்சி வந்தது. நடையும் அதே, பெட்டியும் அதே. ஆனால் தெரு முழுக்க நீலம். சிரிப்பு வரவில்லை.

நிழலையும் சொல்லவேண்டும். நாவலில் காட்டேரிக்கு நிழல் விழாது என்று ஸ்டோக்கர் தெளிவாக எழுதியிருக்கிறார். முர்னாவ் அதை அப்படியே கவிழ்த்தார். கூனிய முதுகும் விரித்த விரல்களுமாகப் படிக்கட்டுச் சுவரில் ஒரு நிழல் ஏறுகிறது. ஆள் தெரியவில்லை, நிழல் மட்டுமே மாடிக்குப் போகிறது. பேய்ப் படமே பார்க்காதவர்களுக்கும் அந்தப் படிக்கட்டு தெரியும். மூலநூலை மீறினால் இப்படி மீறவேண்டும்.

மீறியதற்குத் தண்டனையும் கிடைத்தது, நிழலுக்காக அல்ல. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸிடம் அனுமதி பெறாமலே படத்தை எடுத்துவிட்டார்கள். பெயர்களை மாற்றினால் போதும் என்று நினைத்திருக்கவேண்டும். அவர் வழக்குப் போட்டார். பிராணா என்ற அந்தத் தயாரிப்பு நிறுவனம் அதற்குள் திவாலாகியிருந்தது, அது எடுத்த ஒரே படம் அதுதான். 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி தீர்ப்பானது. ஆனால் வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் சில தப்பிவிட்டன. அந்த அம்மையாரின் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். இருந்தும் அவர் முழுதாக வெல்லவில்லை என்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

அடுத்து 1931. அமெரிக்காவில் டாட் பிரௌனிங் இயக்கத்தில் பேலா லுகோசி நடித்த 'டிராகுலா'. நாவலின் டிராகுலா நரைத்த மீசைக் கிழவர், உள்ளங்கையில் ரோமம், சகிக்க முடியாத மூச்சு. நாகரிக உடுப்பும் நிமிர்ந்த காலர் வைத்த மேலங்கியும் வந்தது நாடக மேடையிலிருந்து. ரசிகர்களுக்கு முதுகு காட்டி நிற்கும்போது அந்தக் காலர் நடிகரின் தலையை மறைக்கும். அவர் தரைக்கதவு வழியாகக் கீழே நழுவிவிடுவார். மேலே வெறும் அங்கி மட்டும் நிற்கும். ஆள் மாயமாக மறைவதற்கான ஏற்பாடு, பிறகு பரம்பரை உடையாகவே ஆகிவிட்டது.

பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எழுத்து ஓடும்போது 'ஸ்வான் லேக்' என்ற பாலே நடனத்தின் இசை கொஞ்சம் ஒலிக்கும், அதன்பிறகு பின்னணி இசையே இல்லை என்று சொல்லலாம். அது எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். மூன்று நொடி பேசாமல் இருக்கப்போகிறேன்.

(மௌனம்)

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். லுகோசி இந்த மௌனத்துக்குள்தான் பேசுகிறார், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக, கனத்த ஹங்கேரிய உச்சரிப்பில். விருந்தாளிக்கு ஒயின் ஊற்றிக்கொடுக்கிறார். நீங்கள் குடிக்கவில்லையா என்று விருந்தாளி கேட்க, நான் குடிப்பதே இல்லை என்று சொல்லி நிறுத்தி, பிறகு 'ஒயின்' என்கிறார். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வந்து உட்காரும், அதனால் அந்த இடைவெளியை அப்படியே கொண்டுவர முடியவில்லை. எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. பகலில் இந்தப் படப்பிடிப்பு முடிந்ததும், அதே அரங்குகளில் இரவில் ஸ்பானிய மொழிப் படம் எடுத்தார்கள். நடிகர்கள் வேறு, இயக்குநர் வேறு. ஸ்பானியக் குழுவினர் பகல் குழு எடுத்ததைப் பார்த்து, அதைவிட நன்றாகச் செய்ய முயன்றார்கள். கேமரா அதில் எவ்வளவோ தாராளமாக நகர்கிறது. ஆனால் லுகோசி இல்லை. அந்த ஒரு குறையை எந்தக் கேமராவாலும் ஈடுகட்ட முடியாது.

லுகோசிக்கு அந்த வேடம் வரமாகவும் ஆனது, விலங்காகவும் ஆனது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறத்தானே வேண்டும்? அதன்பின் அவர் திரையில் டிராகுலாவாகவே வந்தது 1948இல் ஒரு நகைச்சுவைப் படத்தில் மட்டும். ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு அவர் என்றைக்கும் டிராகுலாதான். 1956இல் இறந்தபோது மேலங்கியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

அந்த மரத்தில் அடுத்து ஏறியவர் கிறிஸ்டோபர் லீ. 1958இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் வண்ணத்தில் எடுத்த 'டிராகுலா'. லுகோசி கோரைப்பல்லைக் காட்டியதே இல்லை. லீ காட்டினார், அதுவும் சிவப்பு வழிய. வந்த புதிதில் மரியாதையாக நாலு வார்த்தை பேசுகிறார், பிறகு வெறும் சீறல்தான். 1966இல் வந்த அடுத்த படத்தில் அவருக்கு வசனமே இல்லை. எழுதிய வசனங்கள் மோசம், பேச மறுத்தேன் என்றார் லீ. நான் வசனமே எழுதவில்லையே என்றார் எழுதியவர். நான் லீ பக்கம்.

முதல் படத்தின் முடிவை மட்டும் சொல்கிறேன். காட்டேரியை வேட்டையாட வந்தவராக நடித்த பீட்டர் குஷிங் நீண்ட மேசைமீது ஓடிப்போய்ப் பாய்ந்து திரைச்சீலையைப் பிடித்துத் தொங்குகிறார். சீலை கிழிந்து வெயில் உள்ளே விழுகிறது. திவாலான ஒரு நிறுவனம் கண்டுபிடித்த அதே வெயில். இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைச் சிலுவையாக்கி, லீயை அந்த வெளிச்சத்துக்குள் நெட்டுகிறார். அடுத்து வரும் சில நொடிகளைப் பிரிட்டிஷ் தணிக்கை வெட்டியிருந்தது. 2011இல் டோக்கியோவில் கிடைத்த சுருள்களிலிருந்து அவற்றை மீட்டுச் சேர்த்தார்கள். லீ தன் முகத்தைத் தானே பிறாண்டுகிறார், தோல் கையோடு வருகிறது. பிறகு சாம்பல். காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது. மோதிரம் மட்டும் தரையில் கிடக்கிறது.

வணக்கம்.