ஐப்பசிப் பணமும் ஆடிக் கட்டணமும்

(சிவகாசி வட்டாரக் கிராமம் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பெற்றோர்களே, தாய்மார்களே, வணக்கம். வாரத்தில் ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. துவைக்கிற துணியையும் அரைக்கிற மாவையும் தள்ளி வைத்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த அருமை எனக்குத் தெரியும். ஆகவே நேராகப் பேச்சுக்கு வந்துவிடுகிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பதினோரு ஆண்டுகள் இந்த வட்டாரத்தில். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நகைக்கடன் கவுண்டரில் கூட்டம் நெரியும். விதைப்புக்கு வந்தவர்கள் சிலர் இருப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் கல்லூரிக்குப் பணம் கட்ட வந்தவர்கள். கையில் கலந்தாய்வில் கிடைத்த ஒதுக்கீட்டு ஆணையை மடித்து வைத்திருப்பார்கள். கட்டக் கடைசி நாள் நாளை என்றிருக்கும், இல்லையென்றால் நாளை மறுநாள்.

அப்படி வந்த ஓர் அம்மாவை நான் மறக்கவில்லை. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு, சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். கூடவே இரண்டு வளையல்கள். நகை மதிப்பீட்டாளர் கல்லில் உரசிப் பார்த்தார், எடை போட்டார், அரக்குக்குக் கழித்தார். மகனின் கட்டணத்துக்கு ஆறாயிரம் ரூபாய் குறைந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று காதுத் தோடுகளைக் கழற்றித் தராசில் வைத்தார். ஒரு வாரம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தேன். துளை தூர்ந்துவிடக் கூடாது என்று இரண்டு காதிலும் ஈர்க்குச்சி செருகியிருந்தார்.

அவர் சேமிக்கத் தெரியாதவர் என்று யாராவது நினைத்தால் அது பெரிய தவறு. பின்னொரு நாள் விசாரித்தேன். தீபாவளிச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நகைக்கடையில் பதினொரு மாதச் சீட்டு. மகளிர் குழுவில் வாரச் சேமிப்பு. இவை போக, அரிசிப் பானைக்குள் சிறுவாட்டுப் பணம். சனிக்கிழமை கூலி வாங்கியதும் முதலில் சீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் காய்கறி வாங்குவார். இத்தனை ஒழுங்காகச் சேர்த்தவர் ஏன் காதுத் தோட்டைக் கழற்ற வேண்டி வந்தது? சீட்டுகள் எல்லாம் முதிர்கிற மாதம் ஐப்பசி. கல்லூரி பணம் கேட்கிற மாதம் ஆடி. ஐப்பசியில் வந்த பணம் ஆடி வரை நிற்பதில்லை.

நம் ஊரின் பண ஓட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. தீபாவளிக்குப் போனஸ் வரும். அதில் துணிமணி, கடன் பாக்கி, கொஞ்சம் தங்கம். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளில் வேலை குறையும். மிச்சம் இருந்ததை அந்த வாரங்களில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் நம்மிடம் சேமிப்பு உண்டு. அவற்றுக்குப் பெயரும் உண்டு, மாதமும் உண்டு. படிப்புக்கென்று இரண்டும் இல்லை. நம் தாத்தா காலத்தில் கல்லூரி என்பது வீட்டுக் கணக்கில் வராத செலவு. காமராசர் பிறந்த மாவட்டம் இது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம். பிள்ளைகள் மாறிவிட்டார்கள், வீட்டுக் கணக்கு இன்னும் மாறவில்லை.

சரி, என்ன செய்யலாம்? அஞ்சலகத்தில் தொடர் வைப்பு என்று ஒன்று இருக்கிறது. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். காலம் ஐந்து ஆண்டுகள். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிள்ளை எட்டாம் வகுப்புக்குள் நுழைகிற ஜூன் மாதத்தில் தொடங்கினால், பள்ளிப் படிப்பு முடிகிற கோடையில் கைக்கு வந்துவிடும். மாதம் 1,000 ரூபாய், 6.7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் சுமார் 71,000 ரூபாய். நான்காண்டுப் படிப்பு முழுவதற்கும் இது போதாது. ஆனால் கட்டணம் கட்டுகிற அந்த முதல் வாரத்தைத் தாண்டிவிடலாம். போனஸ் வாங்கிய வாரத்திலும் ஒன்று செய்யுங்கள். அதில் ஒரு பங்கை ஜூன் மாதம் முதிரும்படி எட்டு மாத வைப்பாகப் போட்டுக் கொடுங்கள் என்று வங்கியில் கேளுங்கள். எத்தனை மாதம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கவுண்டரில் இருப்பவர் ஓராண்டு என்று போட்டுவிடுவார். மறுபடியும் ஐப்பசிதான்.

பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. 2015இல் வந்தது. ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும். பதினைந்து ஆண்டுகள் கட்ட வேண்டும், இருபத்தொன்றாம் ஆண்டு முதிரும். வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அரசு அறிவிக்கிறது. 2024 ஜனவரியில் 8.2 சதவீதம் ஆக்கினார்கள். அந்த விகிதமே நீடிப்பதாக வைத்து, பிறந்த ஆண்டிலிருந்து மாதம் 1,000 ரூபாய் கட்டினால், மகளுக்குப் பதினெட்டு வயதாகும்போது ஏறக்குறைய நான்கே கால் லட்சம் இருக்கும். அதில் பாதி வரை மேற்படிப்புக்காக எடுக்கலாம். இந்த விதி நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கணக்குத் தொடங்க வருகிறவர்களிடம் எதற்காக என்று கேட்பேன். "கல்யாணத்துக்கு சார்" என்பார்கள், பத்துக்கு ஒன்பது பேர்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு என்றால் மூன்று வட்டிக்கு வாங்கியாவது பொறியியல். மகளுக்கு என்றால் பஸ் போகிற தூரத்தில் எது இருக்கிறதோ அது. மகனைவிட எண்பது மதிப்பெண் அதிகம் வாங்கிய மகளுக்கு இப்படி நடந்ததை என் மேஜைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். அவளுடைய பெயரில் போட்ட பணம் அவளுடைய படிப்புக்குப் போகட்டும். நகை பிறகு சேரும். வேலைக்குப் போகிற பெண் அதைத் தானே சேர்த்துக்கொள்வாள்.

அடுத்து, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பால் கணக்கு எழுதுகிற நோட்டு போதும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே நான்கு ஆண்டுச் செலவையும் அதில் எழுதுங்கள். கல்விக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம். தேர்வுக் கட்டணம், விடுதி வாடகை, உணவு, பஸ், முன்பணம், கணினி, ஊருக்கு வந்து போகிற டிக்கெட் எல்லாவற்றையும் எழுதுங்கள். பல வீடுகளில் முதலாண்டைக் கட்டி முடித்து மூச்சு விடுவதற்குள் இரண்டாம் ஆண்டு வந்து நிற்கிறது. படிப்பு பாதியில் நின்ற பிள்ளைகளை நான் அறிவேன். சேரும்போது அவர்கள் வீட்டில் பணம் இருந்தது. அந்த நோட்டைப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கணக்கு புரியும். மறைத்து வைத்தால்தான் பின்னால் மனம் உடைகிறது. ரசீது இல்லாமல் நன்கொடை கேட்கிற கல்லூரி என்றால் அந்தப் பக்கத்தை அப்படியே கிழித்துவிடுங்கள். அப்படி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992லேயே சட்டம் வந்துவிட்டது.

அரசு தருவதை எழுதவும் அதே நோட்டில் இடம் விடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன். மாதம் 1,000 ரூபாய். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான். எந்தப் பிள்ளைக்கு அது அதிகம் உதவும் என்று யோசித்துப் பயன்படுத்துங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை, கடன் வாங்கிப் பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் 7.5 சதவீத உரிமை கைவிட்டுப் போகிறது. பணமும் போகிறது, உரிமையும் போகிறது. இந்தப் பள்ளி ஆசிரியர்களை முன்னால் வைத்துக்கொண்டு, அவர்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

இனி கடன். மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000 ரூபாய் வட்டி. நான்கு ஆண்டுகளில் 1,44,000. அதற்குப் பிறகும் அந்த ஒரு லட்சம் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தது என்றாலும், அந்த வாரத்து அவசரத்தில் சட்டம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கல்விக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு லட்சம் வரை உங்கள் பங்காக முன்பணம் எதுவும் போட வேண்டியதில்லை. சொத்து அடமானமும் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இதை எடுத்துச் சொல்கிற மேலாளர்கள் குறைவு. ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு ஆண்டுகள் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் தனிவட்டியே 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அதை அப்போதைக்கப்போதே கட்டிவிட முடியுமா? முதலாண்டில் மாதம் 833 ரூபாய்தான். சீட்டுக் கட்டுகிற கைக்கு அது முடியாத தொகை இல்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள தொழிற்படிப்பாக இருந்தால், தவணை தொடங்கும் வரைக்குமான வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியம் உண்டு. அதற்கு வருமானச் சான்று வேண்டும். கலந்தாய்வு வாரத்தில் இ-சேவை மையத்தில் வரிசை நீளும்; ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்துவிட்டு, அந்தப் பதிவு எண்ணோடு வங்கிக்குப் போங்கள். கடன் இல்லை என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நான் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நானே ஒரு மாணவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில், "அடுத்த மாதம் வா தம்பி" என்று சொன்னேன். அவன் வரவில்லை. அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. அவன் என்னிடம் எழுத்தில் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். இன்று வரை அது என்னை உறுத்துகிறது. நான் இந்தக் கூட்டங்களுக்கு வருவதே அவனால்தான்.

வாசலில் போட்டிருக்கும் மேஜையில் அஞ்சலகப் படிவங்கள் இருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பெற்றோர் அவற்றை வாங்காமல் போக வேண்டாம். மாலை ஐந்து மணி வரை நான் இங்கேதான் இருப்பேன், நோட்டுக் கணக்கை யாரோடும் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். இப்போது கேள்விகளைக் கேளுங்கள். பின்வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு தங்கை அரை மணி நேரமாக நின்றுகொண்டே இருக்கிறார். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். முதலில் அவர் கேட்கட்டும்.