கூடம்தான் கோணல்!

நடுவர் ஐயா அவர்களே, எதிர்வரிசை அன்பர்களே, திரளாக வந்திருக்கும் ரசிகப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"புதுப் படம் பார்த்துவிட்டு நாலு பேரிடம் கருத்துச் சொல்ல நம்பகமான இடம் தியேட்டரா, வீடா?" இதுதான் தலைப்பு. தியேட்டரே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா மூன்று காரணம் வைத்தார். முதல் நாள் முதல் காட்சியில் விசில் சத்தத்துக்கு நடுவே வசனமே காதில் விழுவதில்லை என்றார். வீட்டில் என்றால் புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, சப்டைட்டில் போட்டுப் பார்க்கலாம் என்றார். நாலு பேர் குடும்பத்துக்கு டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று ஆயிரம் ரூபாய் கரைப்பதற்குப் பதில் நாலு வாரம் பொறுத்தால் படம் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகிறது, காசு போன கோபம் இல்லாமல் நிதானமாகக் கருத்துச் சொல்லலாம் என்றார். மூன்றுக்கும் பதில் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் என் கட்சி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பார்த்தவர் "படம் பிரமாதம்" என்றால் அப்படியே நம்புவேன். "படம் மொக்கை" என்றால் நம்ப மாட்டேன். அத்தனை இடைஞ்சலையும் தாண்டி ஒரு படம் மனசில் ஒட்டியது என்றால் அதில் சரக்கு இருக்கிறது. ஒட்டவில்லை என்றால் கெடுத்தது படமா, டிவியா, செல்போனா என்று பார்த்தவருக்கே தெரியாது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. கூடம்தான் உண்மையிலேயே கோணல். பழி மட்டும் ஆடியவள் மேல் விழுகிறது!

எப்படிக் கோணல் என்று காட்டுகிறேன். "படம் சீரியல் மாதிரி இருக்கு" என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்! டைரக்டருக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பாதி நேரம் அது டிவி செய்த வேலை ஐயா. சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படம், ஓடுகிறது. டிவி திரை விநாடிக்கு 60 தடவை புதுப்பித்துக்கொள்கிறது. இடையில் இருக்கும் பள்ளத்தை நிரப்ப, டிவி தானாகவே விநாடிக்குக் குறைந்தது 36 ஃப்ரேமைக் கற்பனை செய்து உள்ளே செருகுகிறது. இதற்கு சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. பல டிவிகள் பெட்டியைப் பிரிக்கும்போதே இதை ஆன் செய்துதான் வருகின்றன.

கிரிக்கெட்டுக்கு இது நல்லது, பந்து தெளிவாகத் தெரியும். சினிமாவுக்கு விஷம். கதாநாயகன் ஓடும்போது காலைச் சுற்றித் தண்ணீர் அலைபோல விளிம்பு நெளியும். கேமரா மெதுவாக நகர்ந்தால் வழுக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும். மெகா சீரியல்கள் நம் ஊரில் வெகு காலம் விநாடிக்கு 50 தடவை பதியும் வீடியோ முறையில் எடுக்கப்பட்டவை. அந்த வழுவழுப்பைப் பார்த்ததும் "இது சீரியல்" என்று மூளை முத்திரை குத்திவிடுகிறது. அதாவது நடிப்பையோ செட்டையோ பார்த்து வந்த கருத்து இல்லை, செட்டிங்ஸ் மெனுவைப் பார்த்து வந்த கருத்து! 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸே ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே டிவி நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும் சேர்ந்து 'ஃபிலிம்மேக்கர் மோடு' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைப் போட்டால் செருகல் நிற்கும், நிறமும் படத்தை முடித்தவர்கள் வைத்த நிறத்துக்குத் திரும்பும். இந்த அரங்கத்தில் எத்தனை வீட்டில் அது போடப்பட்டிருக்கிறது? கடையில் பளபளவென்று காட்டி விற்ற 'விவிட்' மோடிலேயே முகமெல்லாம் நீலம் பாரிக்க ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஒலி. இதில்தான் வீட்டுக் கருத்து அடியோடு சறுக்குகிறது.

தியேட்டரில் வசனம் எங்கிருந்து வருகிறது? வெள்ளித்திரையில் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடி ஓட்டைகள் இருக்கின்றன. அதற்குப் பின்னால், நட்ட நடுவில் ஒரு ஸ்பீக்கர். வசனத்துக்கு அதுதான் முக்கியமான இடம். இரண்டு பக்கமும் இசை, சுவரோரம் சூழல் ஒலி, அதிர்வுக்குத் தனியாக ஒரு ஸ்பீக்கர். ஆளுக்கொரு இடம் என்பதால் பின்னணி இசை எவ்வளவு உயர்ந்தாலும் வசனம் அதன் இடத்தில் நிற்கும்.

வீட்டு டிவியில்? இரண்டே ஸ்பீக்கர், அதுவும் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கும். படம் ஓடும் செயலி 5.1 ஒலியை, அதாவது அதிர்வோடு சேர்த்து ஆறு தனித்தனி வழியில் வரும் ஒலியை, அனுப்புகிறது. ஆறு வழியையும் டிவி இரண்டுக்குள் திணிக்கிறது. அதிர்வு வழியைப் பெரும்பாலும் அப்படியே கைவிட்டுவிடுகிறது. வசனமும் வயலினும் மழைச் சத்தமும் ஒரே ஓட்டை வழியாக வரும். விளைவு எல்லோருக்கும் தெரியும். அப்பாவும் மகளும் அடங்கிய குரலில் பேசும்போது ரிமோட்டில் வால்யூம் 35. அடுத்த விநாடி சண்டை தொடங்குகிறது, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை அலறி எழுகிறது. அவசரமாக 12-க்கு இறக்குகிறோம். மறுபடி வசனம், மறுபடி ஏற்றம். எதிரணி அம்மாவுக்குச் சப்டைட்டில் தேவைப்பட்டதே இதனால்தான்! தமிழ்ப் படத்துக்குத் தமிழருக்கே சப்டைட்டில் வேண்டும் என்றால், அதை வீட்டின் வசதி என்று எப்படிக் கணக்கில் சேர்ப்பது? அது வீட்டின் குறைக்குப் போட்ட கட்டு. வெளியே வந்து சொல்கிற கருத்தோ, "மியூசிக் ஒரே இரைச்சல், வசனமே கேட்கல". பழி இசையமைப்பாளர் தலையில்.

தனி ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் ஆடியோ மெனுவுக்குள் போய் 5.1-ஐ விட்டுவிட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்தாலே வசனம் பாதி தெளிந்துவிடும். செய்து பாருங்கள். செய்தபிறகு சொல்கிற கருத்துக்கு மதிப்பு கூடும், அதை நான் மறுக்கவில்லை.

திரையின் அளவையும் பார்த்துவிடுவோம். நம் படங்களில் பெரும்பாலானவை சினிமாஸ்கோப். உயரம் ஒன்று என்றால் அகலம் 2.39. டிவி 16-க்கு 9. அதனால் 55 அங்குல டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, படத்தின் உயரம் சுமார் 51 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட! அதைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். பட்டை பிடிக்காமல் ரிமோட்டில் 'ஜூம்' அமுக்குகிறவர்கள் உண்டு. அமுக்கினால் படத்தின் அகலத்தில் கால் பங்கு வெட்டுப்பட்டுப் போகும். ஓரத்தில் நிற்கும் பாத்திரம் கதையிலிருந்தே காணாமல் போய்விடுவார்.

கருவியை எல்லாம் சரிசெய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். கை சும்மா இருக்குமா? அங்கேதான் ஐயா என் பெரிய வழக்கு.

நம் படத்தில் பாட்டு என்பது வெறும் பாட்டு இல்லை. நாலு நிமிடப் பாட்டுக்குள் பெண் பார்க்கிறார்கள், கல்யாணம் நடக்கிறது, குழந்தை பிறக்கிறது, அண்ணன் தம்பி கடையில் ஒரு சின்ன மனத்தாங்கல் தலைகாட்டுகிறது. இரண்டு வருடக் கதையை இயக்குநர் அதற்குள் மடித்து வைத்திருப்பார். வீட்டில் பாட்டு வந்ததும் பத்து விநாடி தாவும் பொத்தானில் விரல் போகிறது. டக், டக், டக். இருபத்து நாலு தடவை அமுக்கினால் இரண்டு வருடம் காலி. அப்புறம் இடைவேளைக்குப் பின்னால் தம்பி ஏன் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறான் என்று புரியவில்லை. "செகண்ட் ஆஃப் கனெக்டே ஆகல" என்று மறுநாள் அலுவலகத்தில் தீர்ப்பு.

"லேக்", அதாவது இழுவை, என்று ஒரு சொல் இருக்கிறதே, அதையும் எடுத்துக்கொள்வோம். நகைச்சுவைக் காட்சியில் ஒரு வசனம் முடிந்ததும் எடிட்டர் இரண்டு, மூன்று விநாடி மூச்சு விடுவார். தியேட்டரில் அந்த இடத்தை ஐந்நூறு பேர் சிரிப்பு நிரப்பும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிப் போகும். வீட்டில் ஒருவர் மட்டும் லேசாகப் புன்னகைக்கிறார். மூன்று விநாடியும் வெறுமையாக நிற்கிறது. அவர் அதை லேக் என்கிறார். சிலர் இதற்கு வைத்தியமாக ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். இரண்டரை மணி நேரப் படம் நூறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நாகஸ்வரக் கச்சேரியை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுவிட்டு வித்வான் அவசரப்பட்டார் என்று சொல்வோமா?

இடைவேளையும் அப்படித்தான். உலகில் பல நாட்டுப் படங்களுக்கு அது கிடையாது. நம் திரைக்கதையோ அதைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது. ஒரு முடிச்சைப் போட்டு, விளக்கைப் போட்டு, பதினைந்து நிமிடம் வெளியே அனுப்புகிறார்கள். டீக் குடித்துக்கொண்டே "இனி என்ன ஆகும்" என்று பேசிவிட்டு உள்ளே வருகிறவர் இரண்டாம் பாதிக்குத் தயாராக வருகிறார். வீட்டில் இடைவேளை என்ற எழுத்து வருகிறது, ஒரு விநாடியில் அடுத்த காட்சி ஓடத் தொடங்குகிறது. அல்லது முதல் பாதி சனிக்கிழமை ராத்திரி, மிச்சம் செவ்வாய்க்கிழமை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாகப் பார்த்துவிட்டுச் சொல்கிற "டெம்போ விட்டுடுச்சு" என்ற கருத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

இனி அம்மாவின் விசில் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ரசிகர் காட்சியில் பார்த்துவிட்டுச் சொல்வது கருத்து இல்லை, கொண்டாட்டம். அது இருக்கட்டும், அதற்கும் ஒரு மரியாதை உண்டு. ஆனால் தியேட்டர் என்றால் அந்த ஒரு காட்சி மட்டும்தானா? திங்கள் அல்லது செவ்வாய் மாலைக் காட்சிக்குப் போங்கள். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, அந்த வரிசையின் நடு இருக்கையைப் பிடியுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கச் சுவர் ஸ்பீக்கர் ஒரு காதை ஆக்கிரமித்துவிடும். முதல் இரண்டு வரிசையில் கழுத்து வலிதான் கருத்தாக வெளிவரும்.

எல்லாத் தியேட்டரும் யோக்கியம் என்று சாதிக்கவும் நான் வரவில்லை. டிஜிட்டல் சினிமாத் தரம் திரையில் ஒரு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் கேட்கிறது. பழைய விளக்கை மாற்றாமல் ஓட்டும் அரங்கில் இரவுக் காட்சி கரிப் பானைக்குள் நடப்பதுபோல இருக்கும். ஒலிக்கும் ஒரு அளவு உண்டு. ஒலியை ஏற்றி இறக்கும் டால்பி கருவியில் 7 என்ற எண்ணுக்கு நேராகத்தான் படத்துக்கு ஒலி சேர்க்கிறார்கள். சத்தம் அதிகம் என்று புகார் வந்ததும் பல இடங்களில் 5-க்கு இறக்கிவிட்டு அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்த படத்தின் வசனம் மூழ்கிப் போகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். தியேட்டரில் அளவு என்று ஒன்று இருக்கிறது, அது தப்பினால் எழுந்துபோய்க் கேட்க ஒரு மேலாளர் இருக்கிறார். முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டால் சரிசெய்யவும் முடியும். ஊருக்கு ஊர் ஒரே அளவை நோக்கி இருப்பதால்தான் மதுரையில் பார்த்தவரும் திருநெல்வேலியில் பார்த்தவரும் ஒரே படத்தைப் பற்றிச் சண்டை போட முடிகிறது. வீட்டில் ஆளுக்கொரு டிவி, ஆளுக்கொரு இணைய வேகம். இணைப்பு திணறினால் இருட்டுக் காட்சி சதுரம் சதுரமாக உடைகிறது. "கேமரா வொர்க் சுமார்" என்ற கருத்து அங்கே பிறக்கிறது.

எதிரணித் தலைவர் ஒரு பெரிய ஆயுதம் வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கொரோனாவில் அரங்குகள் முடங்கிக் கிடந்த 2020-இல் 'சூரரைப் போற்று' நேராக வீட்டுக்கு வந்தது. வீட்டில் பார்த்துத்தானே ஊரே கொண்டாடியது, சிறந்த படத்துக்கான தேசிய விருதும் கிடைத்ததே என்பார். ஆமாம் ஐயா, முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். நான் முதலில் சொன்னதும் அதுதானே? வீட்டில் பார்த்துப் பாராட்டியதை நம்பலாம். அதே ஆண்டில் வீட்டுக்கு வந்து, பாதியில் நிறுத்தப்பட்டு, "சுமார்" என்று ஒதுக்கப்பட்ட படங்களுக்கு யார் நியாயம் சொல்வது? தியேட்டரில் ஓடியிருந்தால் அவற்றில் எது தேறியிருக்கும் என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை. என் வழக்கு அந்தப் படங்களுக்காக.

ஆயிரம் ரூபாய் வாதத்துக்கு வருகிறேன். செலவு உண்மை. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. வீட்டில் பார்க்காதீர்கள் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. பார்க்கலாமா என்பது வேறு, தீர்ப்பு எழுதலாமா என்பது வேறு. மேலும், கொடுத்த காசு கோபத்தை மட்டும் தருவதில்லை, இரண்டரை மணி நேரம் எழுந்து போகாமல் உட்காரவும் வைக்கிறது. மெதுவாகத் தொடங்கும் படத்துக்கு அந்த முதல் நாற்பது நிமிடம்தான் உயிர். வீட்டில் அது கிடைப்பதில்லை, பத்தாவது நிமிடத்தில் வேறு படத்துக்குத் தாவிவிடுகிறோம்.

நடுவர் ஐயா, மணி அடிக்கப் போகிறது என்று தெரிகிறது. எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவரிடம் எனக்காக மூன்று கேள்வி கேளுங்கள். அவர் கடைசியாக "போர்" என்று சொன்ன படம் ஓடியபோது டிவி எந்த மோடில் இருந்தது? ஒலி 5.1-ல் இருந்ததா, ஸ்டீரியோவிலா? பாட்டு வந்தபோது அவர் கட்டைவிரல் எந்தப் பொத்தானில் இருந்தது? பதிலைக் கேட்டுவிட்டு அவர் கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.