பிரெய்லி எழுத்து விளையாட்டு: ஆறு பட்டன் பெட்டி செய்வது எப்படி?

(காட்சி: மூடியில் ஆறு பட்டன் உள்ள பெட்டி. இரண்டு கைகள் அதைத் தடவிப் பார்க்கின்றன.)

பெட்டி ஓர் எழுத்தைச் சொல்லும். அதற்குரிய பிரெய்லி புள்ளிகளை மாணவர் சேர்த்து அழுத்த வேண்டும். இடது வரிசையில் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது வரிசையில் 4, 5, 6.

டச் சென்சார் போதாதா? போதாது. பார்வையற்ற பிள்ளைக்குத் தடவுவதுதான் பார்ப்பது. பெட்டியைத் தடவும்போதே ஆறும் பதிவாகி 'தவறு' என்று கத்தினால் யார் விளையாடுவார்கள்? 12 மில்லிமீட்டர் புஷ் பட்டன் வாங்கி, மேலே உருண்டைக் கேப் மாட்டுங்கள். விரல் சும்மா கிடந்தால் அமுங்கக் கூடாது. அழுத்தினால் 'டிக்' என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

(காட்சி: திறந்த பெட்டி.)

உள்ளே புரோகிராமை இயக்கும் சின்ன போர்டான ஓர் ஆர்டுயினோ நானோ, கார்டில் உள்ள ஒலியை இசைக்கும் ஒரு டிஎஃப் பிளேயர் மினி, 3 வாட் ஸ்பீக்கர், 32 ஜிபிக்கு மேற்படாத மெமரி கார்டு. நானோவின் கட்டளையை வாங்கும் பிளேயரின் ஆர்எக்ஸ் காலுக்கு முன்னால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதை விட்டுவிட்டால் ஸ்பீக்கர் இரையும்.

ஒவ்வொரு பட்டனின் ஒரு காலுக்கும் நானோவில் தனிப் பின் (இணைப்பு முனை), மறு கால் கிரவுண்டுக்கு. வயரை மிச்சம் பிடிக்க மேட்ரிக்ஸாக, அதாவது பல பட்டன்கள் ஒரே வயரைப் பகிரும்படி, இணைக்காதீர்கள். டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) இல்லாத மேட்ரிக்ஸில் 1, 3, 4 அழுத்தினால் 6-ம் அழுந்தியதாகக் காட்டும். 1-3-4 என்பது 'ம'. பிள்ளை எத்தனை முறை சரியாக அழுத்தினாலும் தவறு என்றே வரும்.

புரோகிராமில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூன்று விரல் ஒரே கணத்தில் இறங்காது. முதல் பட்டன் பட்டதுமே விடையைச் சரிபார்த்தால், 1 முதலில் இறங்கும் எழுத்தெல்லாம் 'அ' ஆகிவிடும், ஏனென்றால் 'அ' வெறும் 1. அழுந்தியவற்றைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஆறு பட்டனும் விடுபட்ட பிறகு பாருங்கள். பட்டன் அதிர்வு அடங்க 20 மில்லி செகண்ட் விடுங்கள்.

கார்டில் ஒலிக்கோப்புகளை 0001, 0002 என ஒவ்வொன்றாக, வரிசையாக நகலெடுங்கள். சாதாரண பிளே கட்டளை பெயரைப் பார்க்காது, நகலெடுத்த வரிசையைத்தான் பார்க்கும். 'க' கேட்டால் 'ச' ஒலிப்பது இதனால்தான்.

தவறான விடைக்கு வெறும் பீப் வேண்டாம். "1, 2 அழுத்தினாய்; 3 விட்டுப்போனது" என்று சொல்லட்டும்.

(காட்சி: பெட்டியின் மூலை, அருகில்.)

'ல' 1-2-3, 'ள' 4-5-6. சின்ன ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஆகவே எழுத்தோடு சொல்லையும் பதிவு செய்யுங்கள்: பல்லியில் வரும் ல, பள்ளியில் வரும் ள. பெட்டி தலைகீழாக இருந்தாலும் இதே குழப்பம்தான்: இடது வரிசை வலதாகி, 'ல' அழுத்தினால் 'ள' பதிவாகும். அதனால் மேல் வலது மூலையைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். கை பட்டதுமே திசை தெரியும். அடியில் நான்கு ரப்பர் பாதம். இல்லையென்றால் அழுத்துகிற வேகத்தில் பெட்டி மேஜையில் வழுக்கிக்கொண்டே போகும்.