பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்

எல்லாருக்கும் வணக்கம். போன மாதமே இந்த மேடையில் பேசியிருக்க வேண்டியவன் நான். அன்று காலை தொப்புளைச் சுற்றி மந்தமாக ஒரு வலி, வாயுத் தொல்லைதான் என்று நினைத்து, கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அதே சட்டையோடு ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். குடல்வால் அழற்சி, அப்பெண்டிக்ஸ். ஐந்து நாள் உள்ளே.

கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு நர்ஸ் வந்தார். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு சார்?" கொஞ்சம் யோசித்து ஏழு என்றேன். எட்டு என்றால் நடிப்பதாக நினைப்பாரோ, ஆறு என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற கணக்குத்தான். "எப்படி வலிக்குது?" என்று அடுத்த கேள்வி. முப்பது வருஷமாக எழுதிப் பிழைக்கிறவன், "ரொம்ப வலிக்குதும்மா" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்கூட வரவில்லை.

அடுத்த கட்டிலில் காலில் கட்டோடு ஒரு பெரியவர். அவரிடமும் அதே கேள்வி. "நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. ராத்திரி பூரா குடைஞ்சுது, விடியக்காலைல கடுக்க ஆரம்பிச்சுது, இப்ப கட்டுக்குக் கீழ விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, தொட்டா சுரீர்ங்குது." நர்ஸ் ஏழு எட்டு எதுவும் எழுதாமல் நேராக டாக்டரைக் கூட்டிவந்தார். கட்டைப் பிரித்தால் உள்ளே சீழ் வைத்திருந்தது.

கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், வலியைச் சொல்லும் வார்த்தைகளைத் திரட்டி, 1975-இல் மெக்கில் வலிக் கேள்வித்தாள் என்று ஒன்றை வெளியிட்டார். 78 சொற்கள், 20 தொகுதிகள். எவ்வளவு வலி என்பதோடு எந்த மாதிரி வலி என்பதும் மருத்துவருக்கு வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பெரியவர் அதில் நாலைந்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் வலி எனக்கே பிடிபடாததற்கு ஒரு காரணம் இருந்தது என்று டாக்டர் அப்புறம் சொன்னார் (ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ). குடலின் உள் நரம்புகளுக்கு இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாது, அதனால்தான் முதலில் நடுவயிற்றில் எங்கேயோ வலிப்பது போல இருக்கும், அழற்சி வயிற்றின் உட்சவ்வைத் தொட்ட பிறகுதான் வலது அடிவயிற்றில் விரல் வைத்து இங்கேதான் என்று காட்ட முடியும். அதாவது என் குடலே முதல் வரைவை மொண்ணையாகத்தான் எழுதியிருக்கிறது.

ஆபரேஷன் முடிந்த ராத்திரி தூக்கம் இல்லை. தலைக்கு மேல் 500 மில்லி டிரிப்ஸ். மில்லிக்கு 20 சொட்டு, மொத்தம் பத்தாயிரம். ஒவ்வொரு சொட்டும் நுனியில் உருண்டு, கொஞ்சம் தயங்கி, பிறகு விழுகிறது. எண்ணிக்கொண்டே என் கதைகளில் யார் யாருக்கெல்லாம் வலித்தது என்று ஓட்டிப் பார்த்தேன். ஒருத்தன் "வேதனையில் துவண்டான்". இன்னொருத்தன் "வலி உயிரைப் பிடுங்கியது" என்கிறான். எழுதி முடிக்காத நாவலில் ஒரு பிரசவம், அங்கே "வலியால் துடித்தாள்". இருநூறாவது சொட்டுக்கு மேல் கணக்கும் விட்டுப்போனது, மானமும் போனது.

டிஸ்சார்ஜ் அன்று வெட்கத்தை விட்டுப் பெரியவரிடமே கேட்டேன், பிரசவ வலியை எப்படிச் சொல்வது என்று. அவர் சிரித்துவிட்டார். "என்னைக் கேட்டா? அவளைக் கேளுங்க" என்று, அவரைப் பார்க்க வந்திருந்த மனைவியைக் காட்டினார். அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு பெத்திருக்கேன். நாலும் ஒரே மாதிரி இல்ல. மூத்தவனுக்கு இடுப்புலதான் ஆரம்பிச்சுது, விட்டு விட்டு, அப்படியே பிடிச்சு முறுக்கி..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் ரவுண்ட்ஸ் வருகிறார்கள், பார்க்க வந்தவர்கள் எல்லாம் வெளியே போங்கள் என்று வார்டு பாய் சத்தம் போட்டார்.